பொது மருத்துவர்களின் தொடர் கல்வி: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

தொடர் மருத்துவக் கல்வி என்பது, பட்டம் பெற்றுத் தொழிலுக்கு வந்துவிட்ட மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதும் புதிய அறிவையும் பயிற்சியையும் பெறுவதற்கான ஏற்பாடாகும். மருத்துவர்கள் இதனைச் 'சி.எம்.இ.' என்றே வழங்குவர். எம்.பி.பி.எஸ். முடித்து 24 வயதில் கிளினிக் திறக்கும் ஒருவர் 65 வயது வரையிலாவது நோயாளிகளைப் பார்க்கிறார். அந்த 40 ஆண்டுகளில் காசநோய்க்கான மருந்துமுறை பலமுறை மாறுகிறது. பாம்புக்கடிக்குச் செய்யச் சொன்னவற்றில் சில, செய்யவே கூடாதவை என்று ஆகிவிடுகின்றன. கல்லூரியில் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளிதான்.

சிறப்பு மருத்துவர்களுக்குச் சங்கங்கள், மாநாடுகள், பெரிய மருத்துவமனைகள் என்று பல வழிகள் உண்டு. சிற்றூரில் தனியாகத் தொழில் செய்யும் பொது மருத்துவருக்கு அவை எட்டாதவை. ஆகவே இந்த வரலாற்றைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிட, மருத்துவக் கல்லூரி மிகத் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு வட்டாரத்திலிருந்து பார்ப்பதே பொருத்தம். பெரம்பலூரும் அரியலூரும் அத்தகைய வட்டாரம்.

வட்டாரத்தின் இயல்பு

இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூர் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருந்தாலும் அந்நகருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு ரயில் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலம். அரியலூரின் தெற்கெல்லையில் கொள்ளிடக் கரையோரம் நெல்வயல்.

இந்த விவரங்களுக்கும் மருத்துவக் கல்விக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஒரு பொது மருத்துவர் எதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதை அவர் ஊரின் மண்தான் முடிவு செய்கிறது. பருத்தி என்றால் பூச்சிக்கொல்லி நஞ்சு. நெல்வயல் என்றால் கண்ணாடி விரியன். சுரங்கம் என்றால் தூசியும் நுரையீரலும். நட்சத்திர விடுதியில் நடக்கும் கருத்தரங்கில் இவை மூன்றும் பேசுபொருளாவது அரிது.

உயர் சிகிச்சைக்கு இவ்வட்டார மக்கள் நெடுங்காலம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும்தான் சென்றார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1950களின் இறுதியிலும், திருச்சியின் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி 1990களின் பிற்பகுதியிலும் தோன்றின. மருத்துவக் கல்லூரி என்பது மாணவர்களுக்கான இடம் மட்டுமன்று. சுற்றுப்புறத்து மருத்துவர் சந்தேகம் கேட்கவும், தாம் அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அறியவும் உதவுவது அதுவே. அது 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் கேள்விகள் கேட்கப்படாமலே போகும்.

எல்.எம்.பி. காலம்

சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914இல் வந்தது. தகுதியுள்ளவர் யார், அல்லாதவர் யார் என்று பிரிப்பதே அதன் நோக்கம். பதிவேட்டில் பெயர் ஏறிய பின் ஒருவர் என்ன கற்றார் என்பது அக்காலச் சட்டங்களின் கவலையாக இருக்கவில்லை.

சிற்றூர்களில் அன்று தொழில் செய்தவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள் அல்லர், எல்.எம்.பி. எனப்பட்ட உரிமச் சான்று பெற்றவர்கள். சென்னை இராயபுரம், தஞ்சாவூர் போன்ற இடங்களிலிருந்த மருத்துவப் பள்ளிகளில் பயின்று வந்தவர்கள் இவர்கள். 1920களில் சென்னை மாகாண அரசு, கிராமங்களில் குடியேறும் தனியார் மருத்துவர்களுக்கு மானியம் கொடுக்கும் திட்டத்தையும் நடத்தியது. மருத்துவரைக் கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது. கொண்டுபோன பின் அவருடைய அறிவை எப்படிப் புதுப்பிப்பது என்பதற்குத்தான் வழி இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியவை இதழ்கள். சென்னையில் டாக்டர் யு. ராமராவ் 1904இல் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' என்னும் ஆங்கில மாத இதழ் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தொழில் செய்யும் மருத்துவருக்காகவே நடத்தப்பட்ட இதழ் அது. அஞ்சலில் வரும் ஓர் இதழைத் தவிர வேறு ஆசிரியர் இல்லாத மருத்துவர்கள் அக்காலத்தில் ஏராளம். 1928இல் கல்கத்தாவில் இந்திய மருத்துவ சங்கம் உருவானது. அதன் கிளைக் கூட்டங்கள் பின்னாளில் சிறு நகரங்களுக்கும் பரவி, மருத்துவர்கள் கூடிப் பேசும் இடமாயின.

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கையின் கணக்குப்படி, பிரித்தானிய இந்தியாவின் பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,524 பேர். அவர்களில் பட்டதாரிகள் 17,654. உரிமச் சான்றினர் 29,870. இனி நாடு முழுவதும் பட்டம் பெற்ற 'அடிப்படை மருத்துவர்' என்ற ஒரே வகைதான் இருக்க வேண்டும் என்பது குழுவின் பெரும்பான்மைக் கருத்து. சென்னையில் ஸ்டான்லி மருத்துவப் பள்ளி 1938லேயே கல்லூரியாகிவிட்டது. எல்.எம்.பி. படிப்பு மெல்ல மறைந்தது. படித்தவர்கள் மறைந்துவிடவில்லை; 'எல்.எம்.பி. டாக்டர்' என்ற பெயர்ப்பலகையை அதன் பின்னரும் பல ஆண்டுகள் சிற்றூர்க் கடைவீதிகளில் பார்க்க முடிந்தது. பெனிசிலினுக்கு முந்திய காலத்தில் படித்து, பெனிசிலினுக்குப் பிந்திய காலத்தில் மருத்துவம் பார்த்த தலைமுறை அது. நடுவே இருந்த இடைவெளியை அவர்கள் தம் முயற்சியாலேயே கடந்தார்கள்.

சேத்துப்பட்டில் கண்டது சிற்றூருக்கு வந்த வேகம்

அறிவு பிறக்கும் இடத்துக்கும் பயன்படும் இடத்துக்கும் உள்ள தொலைவைக் காட்டக் காசநோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து நடத்திய முயற்சி இது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டியதில்லை. ஒழுங்காக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை இம்மையத்தின் ஆய்வு 1959இல் உலகுக்குக் காட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றிய ஆய்வு அது. அரியலூரிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் நடந்தது.

அப்படியிருந்தும் நாட்டின் தனியார் கிளினிக்குகளில் நிலைமை என்ன? 1991இல் வெளிவந்த மும்பை ஆய்வு ஒன்று இதற்கு விடை சொன்னது. முகுந்த் உப்ளேகரும் அவருடன் பணியாற்றியவரும் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் தொழில் செய்த சுமார் 100 தனியார் மருத்துவர்களிடம், காசநோயாளிக்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்தவை 80 வகையான மருந்துச்சீட்டுகள். ஒரே நோய், நிலைநாட்டப்பட்ட மருந்துகள், ஆனாலும் ஏறக்குறைய ஆளுக்கொரு முறை. மும்பையிலேயே இப்படியென்றால் சிற்றூர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மருத்துவர்கள் அலட்சியக்காரர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அவர்கள் படித்தபோது ஒரு முறை இருந்தது. பிறகு ரிஃபாம்பிசின் வந்து குறுகிய கால சிகிச்சை வந்தது. அரசுத் திட்டம் ஒன்றைச் சொன்னது, மருந்து நிறுவனங்களின் கூட்டு மாத்திரைகள் வேறொன்றைச் சொன்னன. இவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்ல யாரும் அவர்கள் வாசலுக்குப் போகவில்லை. தவறான அளவும் அரைகுறைக் காலமும் மருந்துக்கு அடங்காத காசநோயை வளர்த்தன. 1997இல் திருத்தப்பட்ட தேசியத் திட்டம் வந்தது. வாரம் மூன்று நாள் மருந்து என்றது. 2012இல் தனியார் மருத்துவரும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றானது. 2017இல் மூன்று நாள் முறை போய்த் தினசரி மருந்து வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றங்கள். ஒவ்வொன்றும் கடைசி கிளினிக் வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

வாசலுக்கு வந்த ஆசிரியர்

அப்படி வாசலுக்குப் போனவர் ஒருவர் இருந்தார். அவர் மருந்து நிறுவனப் பிரதிநிதி. ஊர்வழக்கில் 'மெடிக்கல் ரெப்'. தோல்பையும் கழுத்துப்பட்டையுமாகப் பேருந்தில் வந்திறங்கி, நோயாளிகள் போன பிறகு இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மாதிரி மாத்திரைகளையும் வண்ணத்தாளையும் வைத்துவிட்டுப் போவார். பெரம்பலூர், ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களில் தனியாகத் தொழில் செய்த மருத்துவருக்குப் புது மருந்தின் பெயர் முதலில் தெரியவந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

இதை ஒரேயடியாகப் பழிப்பதில் பொருளில்லை. வேறு யாரும் வராத இடத்துக்கு வந்தவர் அவர். ஆனால் அவர் சொல்வது விற்க வேண்டிய பொருளைப் பற்றி. மலிவான பழைய மருந்தே போதும் என்றோ, இந்த நோய்க்கு மருந்தே வேண்டாம் என்றோ சொல்ல அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், சாதாரண சளிக்கு ஓய்வு - இவற்றுக்குப் பிரதிநிதி கிடையாது.

இந்த முறையின் வலிமையை அமெரிக்காவில் ஜெர்ரி அவோர்ன், ஸ்டீபன் சுமராய் என்ற இரு ஆய்வாளர்கள் நன்கு புரிந்துகொண்டார்கள். மருந்து நிறுவனத்தின் உத்தியையே எடுத்து, பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களை 400க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் சார்ந்த ஆய்வொன்றில் நேரில் அனுப்பினார்கள். சுருக்கமான பேச்சு, எளிய அச்சுத்தாள், விற்பனை நோக்கம் மட்டும் இல்லை. தேவையற்ற மருந்துகள் எழுதப்படுவது குறைந்ததை 1983இல் வெளியிட்டார்கள். 1999இல் கனடாவின் டேவ் டேவிஸ் முதலியோர் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதையொட்டிய கருத்தையே சொன்னது. மேடையிலிருந்து பேசிவிட்டுப் போகும் சொற்பொழிவால் மருத்துவரின் பழக்கம் மாறுவதில்லை. கேட்டுப் பேசிச் செய்து பார்க்கும் பயிற்சியால் மாறுகிறது. வகுப்பறையில் நின்ற எவருக்கும் இது புதிய செய்தியன்று.

பருத்தி வயலும் அட்ரோபினும்

2017இன் இறுதி மாதங்களில் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த தொழிலாளர்கள் பலர் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்தி வயலில் மருந்து தெளித்தவர்கள் நஞ்சேறி உயிரிழந்த செய்திகள் வெளியாயின. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, வெறும் உடம்பு, முதுகில் தெளிப்பான், எதிர்க்காற்று. பாதிக்கப்பட்டவர் முதலில் போவது பெரிய மருத்துவமனைக்கன்று. பக்கத்து ஊர் டாக்டரிடம். மயக்கம், வாந்தி என்று வருபவருடைய கண்மணி குண்டூசி முனைபோல் சுருங்கியிருக்கிறதா, வாயில் நீர் ஒழுகுகிறதா, நெஞ்சில் சளி கரகரக்கிறதா, வியர்வை கொட்டுகிறதா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் அந்த அரைமணி நேரம் உயிரைக் காக்கும். வெயில் மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி உட்கார வைத்தால் அந்த நேரம் போய்விடும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசியே முதல் மருந்து. இதில் மாற்றமில்லை. மாறியது அதைக் கொடுக்கும் முறை. கண்மணி விரிகிறதா என்று பார்த்துக் கொடுத்த பழக்கம் போய், நெஞ்சுச் சளி வற்றும் வரை, நாடியும் இரத்த அழுத்தமும் தேறும் வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக் கொடுப்பது என்ற முறை வந்தது. தயங்கித் தயங்கிக் கொடுத்த சிறு அளவுகளால் பலனில்லை என்பது அனுபவத்தில் தெரிந்த பிறகு வந்த மாற்றம் இது.

இரண்டாவது மருந்தான பிராலிடாக்சிமின் கதை இன்னும் சிக்கலானது. பாடநூல்கள் அதை மாற்றுமருந்து என்று கற்பித்தன. 1990களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வுகளில் அதனால் நன்மை தெரியவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் நன்மை உண்டு என்றது. 2009இல் இலங்கையின் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, நன்மை இல்லை என்றது. மூன்றும் நம் பக்கத்து விவசாயிகளை வைத்தே நடந்தவை. ஆய்வாளர்களுக்குள்ளேயே முடிவுக்கு வராத இந்த விவாதத்திலிருந்து சிற்றூர் மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: விலையுயர்ந்த இரண்டாவது மருந்தைத் தேடி நேரத்தை இழக்காதே, மலிவான அட்ரோபினைப் போதிய அளவு கொடு, மூச்சுப்பாதையைக் காப்பாற்று, உடனே அனுப்பு. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் பருத்திப் பருவம் தொடங்கும் முன் அந்த ஊர் மருத்துவருக்குக் கிடைத்ததா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பாம்பும் உண்ணியும்

பாம்புக்கடியில் கற்றதை மறப்பதே பெரிய கல்வியாயிற்று. கடிபட்ட இடத்துக்கு மேலே இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, நஞ்சுமுறி மருந்துக்கு முன் தோலில் சோதனை ஊசி போடுவது ஆகியவை பல தலைமுறை மருத்துவர்கள் படித்தவை. 2007இல் இந்தியாவுக்கென வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறை இவற்றைக் கைவிடச் சொன்னது. பதிலாக, எந்தச் சிறு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய ஒரு சோதனையை முன்வைத்தது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் இரத்தம் சிறிதளவு எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது. உறையவில்லையென்றால் விரியன் நஞ்சு இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று பொருள். குழந்தைக்கும் பெரியவருக்கும் நஞ்சுமுறி மருந்தின் அளவு ஒன்றே என்பதும் பலருக்குப் புதிதாக இருந்தது. பாம்பு, கடித்தவர் எடை பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை.

உண்ணிக்காய்ச்சலோ, மறந்துபோன நோய் திரும்பி வந்த கதை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைவீரர்களோடு முடிந்துவிட்டதாக எண்ணப்பட்ட இது, 2000க்குப் பின் வேலூர் மருத்துவர்களின் ஆய்வுகளால் தமிழகத்தில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. உடம்பின் மறைவிடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் ஒரு கருப்புப் புண் இருக்கும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. சட்டையைக் கழற்றித் தேடினால்தான் கிடைக்கும். தேடாதவர் 'டைபாய்டு' என்று எழுதிச் செலவு மிகுந்த ஊசிகளைப் போடுவார். அவை இக்கிருமியை ஒன்றும் செய்யா. விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரை போதுமானது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழி ஏற்றுவது மேல் என்று இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது.

கல்லூரிகளும் சங்கங்களும் செய்தவை

இந்திய மருத்துவ சங்கம் பொது மருத்துவர்களுக்கென்றே ஒரு கல்லூரியை 1963இல் ஏற்படுத்தியது. கட்டடமும் வகுப்பறையும் கொண்ட கல்லூரி அன்று; தேர்வும் உறுப்பினர் தகுதியும் கூட்டங்களும் நடத்தும் அமைப்பு. உலகிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1947இல் தோன்றிய அமெரிக்கப் பொது மருத்துவர் கழகம், உறுப்பினராக நீடிக்க விரும்புவோர் மூன்றாண்டுக்கு 150 மணி நேரம் கற்க வேண்டும் என்று விதித்தது. தொழிலில் இருப்பவர் தாமாகவே தமக்குப் போட்டுக்கொண்ட விதி என்பதால் அது நினைவில் வைக்கத்தக்கது. பிரிட்டனில் 1952இலும் இலங்கையில் 1974இலும் பொது மருத்துவர் கல்லூரிகள் அமைந்தன.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, தனித் தொழில் செய்பவரின் இக்கட்டை நன்றாக உணர்ந்து வகுக்கப்பட்டது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2006இல் தொடங்கிய தொலைதூரக் குடும்ப மருத்துவப் படிப்பு. கிளினிக்கை மூடாமலே இரண்டாண்டு படிக்கலாம். பாடங்கள் உறுப்பு வாரியாக அல்லாமல், 'காய்ச்சலோடு ஒருவர் வருகிறார்', 'மூச்சுத்திணறலோடு ஒருவர் வருகிறார்' என்று நோயாளி வருகிற விதத்திலேயே அமைந்தன. இடையிடையே நேர்முக வகுப்பு. நோயாளியோடு பேசும் முறை உட்பட. தேவையின்றி மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதைக் குறைத்து, தம்மிடமே தீர்ப்பதைக் கூட்டுவது என்பது அதன் குறிக்கோள் வாசகம். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு நோயாளியை அனுப்புவது என்றால் வாடகை வண்டி, உடன் போகிறவரின் ஒரு நாள் கூலி, சாப்பாடு, சில வேளை நகை அடகு. அந்த வாசகத்தின் அருமை இங்குள்ளவர்களுக்கு எளிதில் விளங்கும்.

அரசு மருத்துவர்களுக்கு வேறு வழி கிடைத்தது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நல இயக்கத்தில், எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு 18 வாரம் மயக்க மருத்துவமும் 16 வாரம் அவசரப் பிரசவ மருத்துவமும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் வந்தன. சிறப்பு மருத்துவர் இல்லாத வட்ட மருத்துவமனையில் சிசேரியன் செய்ய இயலாமல் தாய் இறக்கும் நிலையை மாற்றுவதே நோக்கம். கேட்டுவிட்டுப் போகும் கல்வியாக இல்லாமல், கையால் செய்து பழகும் கல்வி இது. தனியார் பொது மருத்துவருக்கு இத்தகைய வாய்ப்பு இன்றுவரை அரிதே.

30 மணி நேரம்

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நன்னடத்தை ஒழுங்குமுறை, ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்றது. கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஆறு மணி நேரம். பங்கேற்போருக்குப் புள்ளி வழங்கும் முறையை மாநிலக் கவுன்சில்கள் ஏற்படுத்தின. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலும் கூட்டங்களுக்கு அங்கீகாரம் அளித்துப் புள்ளி தருகிறது.

ஆறு மணி நேரம் அதிகமா? நகரத்தவருக்கு இல்லை. வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ தனியாக இருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சிக்குக் கொடுக்க வேண்டும். அன்று கிளினிக் மூடப்படும். வருமானமும் போகும், வந்து திரும்பிய நோயாளியும் போவார். இவ்வளவு செய்து அவர் கேட்பது பெரும்பாலும் அவர் கிளினிக்கில் செய்யவே முடியாத சிகிச்சைகளைப் பற்றிய உரையாக இருக்கும். பேசுபவர் பெரிய மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர். உரையின் உட்பொருள் 'இப்படிப்பட்ட நோயாளியை எங்களிடம் அனுப்புங்கள்' என்பது. மணிக்கணக்கு நிறைகிறது, புள்ளி ஏறுகிறது. திங்கட்கிழமை எழுதும் மருந்துச்சீட்டு பழையபடியே இருக்கிறது.

கூட்டத்துக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் தீரவில்லை. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசும் பயணச் செலவும் பெறுவதை 2009 டிசம்பரில் கவுன்சில் தடை செய்தது. அத்தகைய செலவுகளை நிறுவனங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவுன்சிலுக்கு மாற்றாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று கடுமையான புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. எதிர்ப்பு எழவே, அதே மாதம் 23ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தது. 2002 ஒழுங்குமுறையே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை வெளியிட்ட நெறிமுறை, வெளிநாடுகளில் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தக் கூடாது என்றது. வெளிநாட்டுப் பயணம் சிற்றூர் மருத்துவருக்கு எப்போதும் வாய்த்ததில்லை. அவருக்கு வேண்டியது உள்ளூரில் ஒரு நல்ல வகுப்பு.

அண்மைக் காலம்

2020இல் கொரோனா வந்தபோது கூட்டங்கள் நின்று, கைப்பேசித் திரைக்கு வகுப்புகள் வந்தன. நோயின் மருந்துமுறை வாரத்துக்கு வாரம் மாறிய அக்காலத்தில் வீட்டிலிருந்தபடி கேட்கும் வசதி சிற்றூர் மருத்துவர்களுக்கு முதன்முறையாக நகரத்தவரோடு சமநிலையைக் கொடுத்தது. தொலைவிலிருக்கும் மருத்துவர்கள் தம் நோயாளியின் விவரத்தைத் திரையில் வைத்து, குழுவாகப் பேசிக் கற்கும் 'எக்கோ' முறையை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா 2003இலேயே தொடங்கியிருந்தார். இந்தியாவிலும் அது பரவியது. ஒருவழி உரையைவிட இது மேலானது. கேட்பவரின் நோயாளியே பாடமாகிறார்.

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் 2011இல் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் மேலும் 10 புதிய கல்லூரிகளோடு 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. 11 கல்லூரிகளிலும் சேர்த்து 1,450 மாணவர் இடங்கள் என்பதே அன்றைய செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. சுற்றியுள்ள செந்துறை, திருமானூர், உடையார்பாளையம் பகுதிகளில் ஏற்கெனவே தொழில் செய்துவரும் மருத்துவர்களுக்கு அங்கே மாதம் ஒரு நாளாவது இடம் உண்டா என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அதே 2022இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பைக் குறைக்கும் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியான அன்றே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தாமே எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, கடுமையாக நலிந்தவரைப் பிரித்து மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. சேத்துப்பட்டு ஆய்வு வீட்டிலேயே மருந்து போதும் என்றது. இது, யாருக்கு அது போதாது என்று கண்டறியச் சொல்கிறது. 2024 நவம்பரில், பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும். கொள்ளிடக் கரையிலோ பெரம்பலூர்க் காட்டிலோ கடிபட்டு வருபவரின் விவரம் அதன்படி இனி ஏட்டில் ஏற வேண்டும். அதை எழுத வேண்டியவர்களில் 2007க்கு முன் படித்து முடித்தவர்களும் இருக்கிறார்கள்.